துண்டுக்கு அடியில்

போதும் என்று சொன்னது வாய்தான். அதில் சண்முகவடிவுக்குச் சந்தேகமே இல்லை. குழைத்த பருப்புச் சோற்றின் கடைசி உருண்டையை அவள் நீட்டியபோது, வாரக்கணக்கில் ஒரு பக்கமாகக் கோணி எச்சிலை மட்டும் ஒழுகவிட்டுக்கொண்டிருந்த அந்த உதடுகள் மெல்லக் கூடி, பிரிந்து, கொஞ்சம் காற்றை வெளியே தள்ளி, "போ... தும்" என்றன. வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த வேலைக்காரி முனியம்மாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மாடியிலிருந்து கணவரின் அண்ணன் அய்யாதுரை வேட்டி தடுக்கத் தடுக்க இறங்கி வந்து, தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். தைல நாற்றமும் டெட்டால் நெடியும் ஊறிப்போன அந்தப் பின்கட்டு அறையில், விபத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு நல்ல மணம் வந்தது.

ஆனால் கணவர் சிதம்பரநாதனின் மடியில் விரித்திருந்த துண்டுக்கு அடியில், அவருடைய இடது கை அவளுடைய கையைப் பிடித்திருந்தது. அதன் சுண்டுவிரல் அவள் விரலை அழுத்தியது. ஆமாம், வேண்டும். விட்டு, மறுபடியும் அழுத்தியது. ஆமாம். பசிக்கிறது. அவள் உருண்டையை மீண்டும் வாயருகே கொண்டுபோனாள். வாய் மூடிக்கொண்டு அப்பால் திரும்பியது. விரல் அழுத்திக்கொண்டே இருந்தது.

அந்த விரல் பாஷை அவர்கள் இருவருக்கும் மட்டுமே சொந்தம். நகைத் தொழிலில் கல் தரகர்கள் விலை பேசும்போது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது என்று, இருவர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைத் தொட்டும் அழுத்தியும் பேரத்தை முடிப்பார்கள். வாய் ஊர்க்கதை பேசும், விரல் வியாபாரம் பேசும். கல்யாணமாகித் தியாகராய நகர் வீட்டுக்கு வந்த புதிதில், மாமனாரும் மைத்துனர்களும் நிறைந்த கூடத்தில் புருஷனிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் வடிவு தவித்தபோது, சிதம்பரநாதன் அந்தத் தொழில் வித்தையைக் கொஞ்சம் வளைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். சுண்டுவிரல் அழுத்தினால் ஆமாம். கட்டைவிரல் அழுத்தினால் இல்லை. உள்ளங்கையில் சுரண்டினால், வா. வெளியே சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர், யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், அந்தத் துண்டுக்கு அடியில் மட்டும் ஓயாமல் பேசுவார்.

ஐப்பசி மழையில் நந்தனத்துக்குப் பக்கத்தில் மவுண்ட் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி, முன்னால் நின்ற லாரியின் பின்பலகையில் அவருடைய தலை மோதியது. இடது பக்கம் நொறுங்கிய எலும்பை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நெற்றிப்பொட்டுக்கு மேலே எலும்பில்லாத அந்த இடத்தில் தோல் மட்டும், பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி போல, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சு போயிற்று. வலது கையும் வலது காலும் போயின. கண் திறந்திருந்தது, ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. "ஆள் போயிட்டான்மா. கூடு மட்டும் கெடக்கு" என்று அய்யாதுரை வராந்தாவில் வைத்து அவளிடம் சொன்னார்.

கூடு இல்லை என்பதை அவள் ஆஸ்பத்திரியிலேயே கண்டுபிடித்தாள். ஒரு மத்தியானம் போர்வைக்குள் கைவிட்டு அவருடைய இடது கையைத் தடவிக்கொண்டிருந்தபோது, உள்ளங்கையில் ஒரு விரல் சுரண்டியது. வா. காதருகே குனிந்து கேள்வி கேட்டாள். நான் வடிவு, தெரியுதா? ஆமாம். வலிக்கா? ஆமாம். பிறகு, சோதிக்க வேண்டும் என்றல்ல, வேறு எதுவும் தோன்றாததால், பிள்ளையைப் பற்றிக் கேட்டாள்.

பிறந்து பொழுது சாய்வதற்குள் போய்விட்ட பெண் பிள்ளை அது. பெயர் வைக்கவெல்லாம் நேரமில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுப்பதற்கு முன்னால் சிதம்பரநாதன் அதைக் கையில் வாங்கி, அதன் காதில் ஒரு பெயரைச் சொன்னார். பக்கத்தில் கிடந்த வடிவுக்கு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு, விபத்துவரை, இருவரும் ஒருநாளும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் முணுமுணுப்பாகப் பல பெயர்களைச் சொன்னாள். கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். சரியான பெயரைச் சொன்னபோது சுண்டுவிரல் அழுத்தியது. அழுத்திவிட்டு விடவே இல்லை. அவர் உள்ளே முழுசாக இருக்கிறார் என்று அவள் அன்றைக்கு அழுத அழுகை, சந்தோஷ அழுகை.

மயிலாப்பூரில் டாக்டர் ஸ்ரீனிவாசராகவன், அவளுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார்.

"மூளைல ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு இடம் இருக்கும்மா. பேச்சு இடது பக்கம். வலது கையை ஆட்டி வைக்கறதும் அதே பக்கம்தான். அது நசுங்கிப் போச்சு. ஆனா காலி இடத்தை மூளை சும்மா போட்டு வைக்காது. பக்கத்துல இருக்கறது மெதுவா வந்து, போன வேலையைக் கத்துண்டு செய்ய ஆரம்பிச்சுடும். நீங்க பேசிண்டே இருக்கணும். பழைய கதை ஒண்ணு விடாம சொல்லுங்கோ. சொல்லச் சொல்லப் புது இடத்துல பதியும்."

"அப்போ பழைய எடத்துல மிச்சம் இருக்கது எங்க போவும் டாக்டர்?"

அவர் சிரித்தார். "அது எதுக்கும்மா உங்களுக்கு? வேலை நடந்தா சரிதானே."

வேலை நடந்தது. போதும் என்ற சொல்லுக்குப் பின்னால் தண்ணி வந்தது, அண்ணன் வந்தது, வடிவு வந்தது. மார்கழி முடிவதற்குள் முழு வாக்கியங்கள் வந்தன. யாரெல்லாம் பக்கத்தில் இருந்து பேசினார்களோ அவர்கள் எல்லாருடைய பேச்சும் அந்த வாயில் இருந்தது. திருநெல்வேலிக்காரர், பிறந்தது முதல் ‘சொல்லுதேன்’, ‘வாரேன்’ என்று பேசியவர், ஒருநாள் காலையில் "இன்னா வடிவு, காப்பி கீதா?" என்றார். முனியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அய்யாதுரையும் சிரித்தார். வடிவு மட்டும் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போகப்போக அது எல்லாவற்றையும் கலந்து தனக்கென்று ஒரு பேச்சை அமைத்துக்கொண்டது. இனிமையான பேச்சு. சமையலைப் பாராட்டும். வருகிறவர்களை உட்காரச் சொல்லி நலம் விசாரிக்கும். பேசும்போது நெற்றிப்பொட்டின் தோல் உப்பும், நிறுத்தினால் தாழும்.

"இன்னாம்மா நீ" என்று முனியம்மாள் அவளைக் கடிந்துகொண்டாள். "அய்யா எம்மாம் தங்கமா பேசிக்கினு கீறாரு, நீ இன்னாடான்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீற. முன்னெல்லாம் என்னிய நிமுந்துகூடப் பாக்கமாட்டாரு. இப்போ முனிம்மா சாப்ட்டியான்னு கேக்குறாரு."

அதுதான் வடிவுக்குப் பயம். இத்தனை நல்லவரை அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாம்பாரில் உப்புக் கம்மி என்று முகத்தைச் சுளித்துவிட்டு, துண்டுக்கு அடியில் அவள் கையை விடாமல் பிடித்திருக்கும் அந்தச் சிடுமூஞ்சிதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனாலும் டாக்டர் சொன்னபடி தினமும் சாயங்காலம் கதை சொன்னாள். விளக்கேற்றிவிட்டுக் கட்டிலருகே உட்காருவாள். ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர், அதற்கு அப்பால் நகை செய்யும் பத்தர் பட்டறையில் தட்டும் சத்தம். "சொல்லு வடிவு" என்று வாய் கேட்கும். பெண் பார்க்க வந்தபோது அவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டது, முதல் தீபாவளிக்கு அவர் எடுத்த புடவையின் கலர் பிடிக்காமல் அவள் அழுதது, பட்டணம் வந்த மறுநாள் மெரினாவுக்குப் போனது. மெரினாக் கதையைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. முழங்கால் அளவு அலைக்குப் பயந்து, செருப்பைக்கூட விட்டுவிட்டு, அவள் கையை இழுத்துக்கொண்டு ஓடியவர் அவர். யாரிடமும் சொல்லாதே என்று அன்று சத்தியம் வாங்கியிருந்தார். "அப்புறம்?" என்றது வாய். "அப்புறம்?"

மறுநாள் கடைச் சிப்பந்திகள் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு மெரினாக் கதையை வாய் சொன்னது. அவள் சொன்ன அதே சொற்களில். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி, அவள் சிரித்த இடத்தில் சிரித்து.

எல்லாரும் போன பிறகு அவள் துண்டை விரித்து இடது கையைப் பிடித்தாள். வாய் தூங்கிக்கொண்டிருந்தது. "அலைக்குப் பயந்து ஓடினது நீங்கதான?" என்று கேட்டாள்.

விரல்கள் அசையவில்லை. வெகுநேரம் யோசிப்பதுபோல் கிடந்தன. பிறகு கட்டைவிரல். இல்லை.

"காப்பியக் கொட்டினது?"

இல்லை.

"மொதத் தீவாளிப் பொடவை?"

இல்லை. இல்லை.

இதுவரை சொல்லாத ஒன்றைத் தேடினாள். ஊரில் அவருடைய அம்மா இறந்த அன்று கிணற்றடியில் ஒளிந்து அழுதது. அவள் கேட்டு முடிப்பதற்குள் சுண்டுவிரல் அழுத்தியது. ஆமாம். நினைவிருக்கிறது. பிறகு உள்ளங்கையில் சுரண்டல். வா. வா. வா.

அப்போதுதான் விளங்கியது. வாய்க்கு அவள் கொடுத்ததெல்லாம் அவரிடமிருந்து எடுத்துக் கொடுத்தது. குணப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, கணவரை அவளே கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். அங்கே போய்ச் சேருவது அவர் இல்லை. காலி இடத்தில் வந்து குடியேறிய வேறு ஏதோ ஒன்று.

"உள்ள நீங்க தனியாவா இருக்கிய?" என்று கேட்டாள்.

கட்டைவிரல்.

"பயமா இருக்கா?"

சுண்டுவிரல் அழுத்திய அழுத்தத்தில் அவளுக்கு வலித்தது. நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நெற்றிப்பொட்டு வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அன்றோடு கதையை நிறுத்தினாள். தொண்டை கட்டிவிட்டது என்றாள். தலைவலி என்றாள். வாய் கோபிக்கவில்லை. "பரவாயில்லை வடிவு, நாளைக்குச் சொல்லு" என்றது. மறுநாளும் அதையே சொன்னது. விளக்கு வைத்த நேரத்தில் அவள் அந்த அறைப்பக்கம் போகாமல் அடுப்படியிலேயே நின்றால், கூடத்தைத் தாண்டி அந்தக் குரல் வரும். உரக்கக் கூப்பிடாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலப் பேசும். "வடிவு. சொல்லு." கொஞ்சம் பொறுத்து மறுபடியும். "வடிவு. சொல்லு." கிரசின் ஸ்டவ்வின் இரைச்சலுக்கு மேலாகவும் அது கேட்டது.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் காபி எடுத்துக்கொண்டு போனாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இடது கை மட்டும் தூங்கவில்லை. அது தலைக்குப் போயிருந்தது. எலும்பில்லாத இடத்தில் விரல்கள் குத்திட்டு நின்றன. தோல் உள்ளே அமுங்கி, நகம் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்து, கால்கள் கட்டிலில் உதைத்துக்கொண்டிருந்தன. வாயிலிருந்து ‘ங்ங்’ என்று ஒரு சத்தம். அவள் டம்ளரைப் போட்டுவிட்டு அலறினாள். அய்யாதுரையும் முனியம்மாளும் சேர்ந்து அந்தக் கையைப் பிய்த்து எடுப்பதற்குள் உடம்பு வில்லாக வளைந்து வலிப்பு வந்துவிட்டது.

டாக்டர் வந்து ஊசி போட்டார். "அந்தக் கையைக் கட்டி வச்சுடுங்கோ" என்றார். "ஒருவிதத்துல நல்லதுதான். நல்ல கை சும்மா இருந்தாத்தான் கெட்ட கை வேலை செய்யப் பழகும்."

அய்யாதுரைக்கு அது தேன் வந்து பாய்ந்தது போல் இருந்தது. தம்பியை எப்படியாவது கடையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கவலையெல்லாம். "பீச்சாங்கையால நகையை எடுத்து நீட்டினா எவம்மா வாங்குவான்? கல்யாணத்துக்குத் தாலிச் செயின் எடுக்க வாரவன் முன்னால எடதுகைய நீட்டினா, கடைக்குள்ள கால் வைப்பானா? கட்டிப் போட்டாத்தான் வலது கைக்கு ரோசம் வரும். நீயே கட்டும்மா. எங்களைக் கிட்ட விடமாட்டங்கு."

அது உண்மை. வேறு யார் நெருங்கினாலும் அந்தக் கை பிறாண்டியது. அவள் உட்கார்ந்ததும் அடங்கி அவள் மடிக்கு வந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. விரல்களே சொல்லின. கட்டைவிரல். கட்டைவிரல். கட்டைவிரல்.

"கட்டு வடிவு" என்றது வாய். "எனக்கு நல்லதுதானே."

அவள் கட்டினாள். மறைத்துப் பயனில்லை, அந்தக் கையைப் பார்த்து அவளுக்கே பயம் வந்திருந்தது. அவர் தன்னையே குத்திக்கொண்டு செத்துப்போவார் என்று பயந்தாள். அதே துண்டால் மணிக்கட்டைச் சுற்றி, உடம்போடு சேர்த்து இறுக்கி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழுந்த பிறகுதான், அவர் எதைக் கொல்லப் பார்த்தார் என்பது அவளுக்கு உறைத்தது. அவிழ்க்கக் கை போயிற்று.

"இருக்கட்டும்" என்றது வாய். அய்யாதுரை அவள் தோளுக்குப் பின்னால் நின்று, "அதான் அவனே சொல்லுதான்லா" என்றார்.

டாக்டர் சொன்னது பலித்தது. வலது கை முதலில் ஒரு பொத்தானைப் பிடித்தது. பிறகு ஸ்பூன். பிறகு பேனா. கால் ஊன்றி நடந்தார். பங்குனி முகூர்த்தத்துக்கு உஸ்மான் ரோட்டுக் கடையில், நெற்றிப்பொட்டை மறைத்துத் தலையில் ஒரு தொப்பியோடு, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வலது கையால் நகையை எடுத்து நீட்டினார். அவரைப் பார்ப்பதற்கென்றே வாடிக்கையாளர்கள் வந்தார்கள். சாவின் வாயிலிருந்து திரும்பியவர், அப்படியொரு சிரித்த முகம் என்று பேசிக்கொண்டார்கள். இடது பக்கச் சட்டைக்குள் கட்டிக் கிடந்ததை யாரும் விசாரிக்கவில்லை.

குளிக்க வைக்கும்போது மட்டும்தான் அவளால் அதை அவிழ்க்க முடிந்தது. வெளுத்து, மெலிந்து, நகம் வளர்ந்து, ஈரம் காயாத துணியின் புளித்த வாடை அடித்தது அந்தக் கை. சோப்புப் போடும் சாக்கில் பிடித்துக்கொள்வாள். கேள்வியைச் சத்தமாகக் கேட்க முடியாது, வாய் கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே உள்ளங்கையில் விரலால் எழுத்துகளை எழுதினாள். அம்மா. கிணறு. தெரியுமா? வெகுநேரம் கழித்துக் கட்டைவிரல். அதுவும் போய்விட்டது. கடையில் அய்யாதுரை அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்.

கடைசியில் பிள்ளையின் பெயரில் முதல் எழுத்தை எழுதினாள்.

சுண்டுவிரல் அழுத்தியது. இலை விழுந்தது போல, அத்தனை லேசாக. ஆனால் அழுத்தியது.

அது இருக்கிறது. அந்த ஒரு பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவள் அதை முணுமுணுத்தபோதுகூட இந்த வாய் இன்னும் விழித்திருக்கவில்லை. அதை அவள் வாய்விட்டுச் சொல்லாதவரை அவர் உள்ளே இருப்பார். எவ்வளவு சின்ன மூலையாக இருந்தாலும் சரி, இருப்பார். அவள் கழுவிய கையைத் துடைத்து, தானே மறுபடியும் கட்டினாள். நிமிர்ந்தபோது வாய் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. வீட்டில் எல்லாரும் அடையாறில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். முனியம்மாள் நேரத்தோடு கிளம்பிவிட்டாள். மாலையில் காற்று அடித்து, ஜன்னல் கதவுகளை அறைந்து, மழை வருமா வராதா என்று மண்வாசனையை மட்டும் வீசிவிட்டு அடங்கியது. கரண்ட் போயிற்று. பத்தர் பட்டறையில் தட்டும் சத்தமும் நின்றது. வடிவு அரிக்கேன் விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. இடது கைக் கட்டு அவிழ்ந்து, துண்டு மடியில் கிடந்தது.

"நானே அவுத்துட்டேன்" என்றது வாய். "இனிமே அது ஒண்ணும் செய்யாது. உட்காரு."

கை துண்டின் மேல் மல்லாந்து கிடந்தது. உயிர் இருப்பதாகவே தெரியவில்லை. அவள் உட்கார்ந்தாள். விளக்கைக் கீழே வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு வடிவு. நீ சொல்லல."

"எல்லாம் சொல்லியாச்சு."

"இல்லை." வலது கை எழுந்து, நெற்றிப்பொட்டை ஒற்றை விரலால் தொட்டது. "இங்க ஒரு மூலை காலியாவே இருக்கு. கையை விட்டா எட்டமாட்டேங்குது. அவன் இறுக்கிப் பிடிச்சிட்டிருக்கான்."

"யாரு?"

வலது கை வந்து அவள் முழங்கையைத் தொட்டது. இதமான, சூடான, நல்ல கை.

"சொல்லிட்டா நான் முழுசா ஆயிடுவேன். உனக்கும் எவ்வளவு நாளா ஆசை. அதை என் குரல்ல கேட்கணும்னு."

எப்படித் தெரிந்தது அதற்கு? தெரியவில்லை. ஆனால் பொய்யில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அந்தப் பெயரை அவருடைய குரலில் இன்னும் ஒரே ஒரு முறை. விரலில் அல்ல. குரலில். அவள் களைத்துப் போயிருந்தாள். எல்லாரும் கொண்டாடும் ஒருவரைக் கண்டு தான் மட்டும் பயந்து பயந்து, குளியலறையில் ஒரு செத்த கையோடு ரகசியம் பேசி, அலுத்துப்போயிருந்தாள். எதிரே இருப்பது அவர் முகம். அவர் கண். அவர் குரல்.

"நமக்கு ஒரு..." என்று தொடங்கினாள்.

மடியில் கிடந்த கை அசைந்தது.

அது துண்டோடு எழுந்தது. நடுங்கியது. பாதியில் விழுந்தது. மறுபடியும் எழுந்தது. அவள் முகத்துக்கு நேரே வந்தது. குளிர்ந்த உள்ளங்கை அவள் வாயின் மேல் படிந்தது.

நெரிக்கவில்லை. மூடியது. அவ்வளவுதான். புளித்த ஈரத்துணி வாடை. அதற்கு அடியில் அவருடைய வாடை. அந்தக் கையின் ஒவ்வொரு ரேகையும் அவளுக்குத் தெரியும். அது கெஞ்சியது. விரல்கள் அவள் கன்னத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் மட்டும் அழுத்தியது. இல்லை. வேண்டாம். இல்லை.

"அப்புறம்?" என்றது வாய்.

வலது கை அவள் முழங்கையை விட்டது. மேலே வந்தது. இடது கையின் ஆள்காட்டி விரலைத் தனியாகப் பிரித்துப் பிடித்தது. பின்பக்கமாக வளைத்தது. மெதுவாக. வேண்டிய அளவுக்கு மேலே.

சத்தம் வந்தது.

அவள் கத்தினாள், அந்த உள்ளங்கைக்குள். கை நகரவில்லை. எதிரே அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அந்த வலி அந்த முகத்தைச் சேர்ந்தது இல்லை. சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது. கண்கள் அவளை அன்பாகப் பார்த்தன.

"நமக்கு ஒரு? அப்புறம்?"

அடுத்த விரல்.

சத்தம்.

"அப்புறம் வடிவு?"

உடைந்த விரல்கள் தொங்கின. மிச்சமிருந்தவை இன்னும் அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. விடவில்லை. அவர் விடமாட்டார். கடைசி விரல்வரை விடமாட்டார். அவளுக்கு அது தெரிந்தது. வலது கைக்கும் தெரிந்தது. அது அவசரப்படவில்லை. அடுத்ததைப் பிரித்து எடுத்தது. சுண்டுவிரலை.

அவள் தலையை உதறி அந்த உள்ளங்கையிலிருந்து வாயைப் பிடுங்கினாள்.

"விடு" என்று கதறினாள். "அவுகள விட்டுரு. சொல்லிருதேன். விட்டுரு."

வலது கை நின்றது. காத்திருந்தது.

அவள் பெயரைச் சொன்னாள்.

இடது கை நழுவி அவள் மடியில் விழுந்தது. இரண்டு கைகளாலும் அதை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் எழுதினாள். முதல் எழுத்து. மறுபடியும் முதல் எழுத்து. சுரண்டிப் பார்த்தாள். வா. வா. கை சும்மா கிடந்தது. சூடுகூட இருந்தது. யாருடைய கையோ போல.

எதிரே நெற்றிப்பொட்டின் துடிப்பு மெல்ல அடங்கி, மேடும் பள்ளமும் இல்லாமல் சமமாயிற்று. வாய் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தது. முதல்முறை கொஞ்சம் பிசகியது. இரண்டாம் முறை சரியாக வந்தது. அவருடைய குரலேதான். அன்றைக்குப் பிள்ளையின் காதில் சொன்ன அதே மெல்லிய குரல்.

மூன்றாம் முறை அது சொன்னபோது, அவள் மடியிலிருந்த உடைந்த கை தானாக எழுந்து, வலது கையோடு சேர்ந்து, தொங்கும் விரல்களோடு அவள் முகத்தை இரண்டு பக்கமும் ஏந்திக்கொண்டது.